அயர்லாந்தின் தொல்சின்னங்கள்: கல்லும் சொல்லும் செவிவழிச் செய்தியும்

ஒரு நாட்டின் பழமையை ஆராயப் புகுவார்க்கு மூவகைச் சான்றுகள் துணை நிற்கின்றன. மண்ணிலும் கல்லிலும் எஞ்சியுள்ள கட்டடங்கள் ஒருவகை; அவற்றிற்கும் அவை நிற்கும் ஊர்களுக்கும் மக்கள் இட்டு வழங்கிய பெயர்கள் மற்றொருவகை; தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாய் வரும் செவிவழிச் செய்திகள் பிறிதொருவகை. இம்மூன்றும் ஒன்றையொன்று வலியுறுத்தும் இடமும் உண்டு. ஒன்றோடொன்று மாறுபடும் இடமும் உண்டு. மாறுபடும்வழி எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே ஆராய்வோர்க்கு எழும் இடர்ப்பாடு. இவ்விடர்ப்பாட்டை அயர்லாந்தில் ஆராய்ந்தோர் எதிர்கொண்ட வரலாறு நமக்குப் பெரிதும் பயன்படத்தக்கது. ஆதலின் அந்நாட்டின் சிற்றூர்ப் புறங்களில் காணப்படும் கோட்டைகளையும் தொல்சின்னங்களையும் இம்மூவகைச் சான்றின் வழிநின்று ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அயர்லாந்து, பிரித்தானியாவிற்கு மேற்கே அமைந்த தீவு. உரோமப் பேரரசு இத்தீவை வென்று ஆளவில்லை. ஆகவே ஐரோப்பாவின் பிற பகுதிகளில் உரோமர் கைபட்டு மறைந்துபோன பழைய வழக்கங்கள் பல இங்கு நெடுங்காலம் நிலைத்தன. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட கால்டுவெல் 1814ஆம் ஆண்டில் பிறந்தது இத்தீவின் வடகிழக்கிலுள்ள ஆன்ட்ரிம் மாவட்டத்திலேயாம். அவர் காலத்து அயர்லாந்து, தன் பழஞ்சின்னங்களுக்கு எவ்வாறு பொருள் காண்பது என்று கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்த நாடு என்பதையும் நினைவிற் கொள்ளல் தகும்.

1. நியூகிரேஞ்சும் செவிவழிச் செய்தியும்

டப்ளின் நகரினின்று வடக்கே செல்வோர் மீத் மாவட்டத்தில் போய்ன் என்னும் ஆற்றின் வளைவை அடைவர். அவ்வளைவிலுள்ள மேட்டு நிலத்தில் நியூகிரேஞ்சு என்னும் கல்லறை அமைந்துள்ளது. ஏறத்தாழ கி.மு. 3200இல் எழுந்த இது, எகிப்து நாட்டுக் கீசாக் கூம்புகளினும் பழமையுடையது. ஏறக்குறைய 85 மீட்டர் குறுக்களவுள்ள பெருமேட்டைச் சுற்றி 97 விளிம்புக் கற்கள் நிறுத்தப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றில் சுருள், வளைகோடு, சாய்சதுரம் ஆகிய வடிவங்கள் கொத்தப்பட்டுள்ளன. வாயிலினின்று 19 மீட்டர் நீளமுள்ள இடைகழி ஒன்று உட்சென்று ஓர் அறையில் முடிகின்றது. கல்லின்மேற் கல்லைச் சிறிது சிறிதாக உள்நோக்கி நீட்டி அடுக்கிய அவ்வறையின் கூரை, சாந்து இன்றியே ஐயாயிரம் ஆண்டுகளாக மழைநீர் புகாமல் காத்து நிற்கின்றது.

இதன் பெயர்களை முதற்கண் நோக்குவோம். நியூகிரேஞ்சு என்பது 'புதிய பண்ணை' எனப் பொருள்படும். 1142ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மெல்லிஃபோண்ட் துறவியர் மடத்திற்கு இந்நிலம் பண்ணையாக இருந்தமையின் இப்பெயர் வந்தது. இப்பெயரைக்கொண்டு கல்லறையின் பழமையைப் பற்றி ஒன்றும் அறிய இயலாது. ஐரிய மொழி இலக்கியமோ இவ்விடத்தைப் 'புரூ' என்று வழங்கும். அது மாளிகை எனப் பொருள்படும் சொல். தக்டா என்னும் தேவன் ஞாயிற்றை நிறுத்தி ஒன்பது திங்களை ஒரு பகலாகத் தோன்றச் செய்தான் என்றும், அவன் மகன் ஆங்கஸ் இம்மாளிகைக்கு உரியவன் ஆனான் என்றும் பழங்கதை கூறும்.

மைக்கேல் ஓ கெல்லி என்னும் தொல்லியற் பேராசிரியர் 1962 முதல் 1975 வரை இங்கு அகழாய்வு நடத்தினார். ஆண்டின் ஒரு நாளில் ஞாயிற்றின் ஒளி கல்லறையின் உட்புகுந்து அங்குள்ள முச்சுருட் கல்லின்மேல் விழும் என்னும் பேச்சு அப்பக்கத்தில் வழங்கி வந்தது. இங்கிலாந்திலுள்ள ஸ்டோன்ஹெஞ்சைப் பற்றிய செய்தியை மக்கள் இதனொடு மயங்கக் கூறினர் என்றே அவர் முதலிற் கருதினார். ஆயினும் வாயிலின் மேலே, கற்களால் வேண்டுமென்றே அமைக்கப்பட்ட சிறு சாளரம் ஒன்று அகழாய்வில் வெளிப்பட்டது. அதன் பயன் யாது என்னும் ஐயம் எழவே, அவர் அச்செய்தியைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். 1967ஆம் ஆண்டு திசம்பர் 21ஆம் நாள் விடியற்காலையில் அறையினுள் தனித்திருந்தார். ஞாயிறு எழுந்த சில நிமிடங்களில் ஒளிக்கற்றை ஒன்று அச்சாளரத்தின் வழியே புகுந்து, இடைகழி நெடுகப் படர்ந்து, அறையின் உட்பகுதியை எட்டியது. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகற்பொழுதையொட்டிய சில நாள்களில் மட்டும் இவ்வொளி ஏறத்தாழ 17 நிமிடம் உள்ளே நிற்கின்றது. ஏனைய நாள்களில் இக்கல்லறையைக் காணச் செல்வோர்க்கு, விளக்குகளை அணைத்து, மின்னொளியால் அக்காட்சியைப் போலச்செய்து காட்டுவர்.

ஈண்டு ஓ கெல்லி கொண்ட நெறி உன்னத்தக்கது. செவிவழிச் செய்தியை அவர் ஆராயாது நம்பிவிடவுமில்லை. பாமரர் பேச்சென்று ஒதுக்கிவிடவுமில்லை. கல் கூறிய குறிப்போடு அதனை வைத்து நோக்கி, நேரிற் சென்று தெளிந்தார்.

2. வட்ட அரண்களும் மக்கள் நம்பிக்கையும்

அயர்லாந்தின் வயல்வெளிகளில் நடப்போர் வட்டமான மண்வரம்பையும், அதனைச் சூழ்ந்த அகழியையும், அவற்றின்மீது அடர்ந்த முட்செடிகளையும் பலவிடங்களிற் காண்பர். இவை வட்ட அரண்கள். இத்தீவில் இத்தகையன 45,000 அளவில் கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை கி.பி. 6ஆம் நூற்றாண்டிற்கும் 10ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டவை. அரண் என்று நாம் கூறினும், இவற்றுட் பல போருக்கென அமைந்தவையல்ல; ஓர் உழவர் குடும்பம் வீட்டையும் கால்நடையையும் காத்துக்கொள்ள அமைத்த வேலிகளே எனலாம்.

இவற்றைக் குறிக்க ஐரிய மொழியிற் பல சொற்கள் உள்ளன. மண்ணால் அமைந்தவற்றை 'ராத்' என்றும் 'லிஸ்' என்றும் கூறுவர். கல்லால் அமைந்தவை 'காஷல்' என்றும் 'காஹிர்' என்றும் வழங்கும். வலிய அரண் 'தூன்' எனப்படும். மேற்குக் கடலிலுள்ள ஆரன் தீவுகளில், நூறு மீட்டர் அளவு உயர்ந்த செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கும் தூன் எங்கஸ் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ராத்மைன்ஸ், லிஸ்மோர், டண்டாக், காஷல், காஹிர் முதலிய ஊர்ப்பெயர்களில் இச்சொற்கள் நின்று நிலவுகின்றன. வரம்பு உழவால் மறைந்துபோன இடத்தும், முன்னர் அங்கு அரண் ஒன்று இருந்தமைக்கு ஊர்ப்பெயர் சான்று பகர்கின்றது.

இத்துணை அரண்கள் எஞ்சி நிற்பதற்கு மக்கள் நம்பிக்கையும் ஒரு காரணம். இவை நிலத்தின்கீழ் வாழும் தெய்வ மக்களின் உறைவிடம் என்றும், இவற்றின் மண்ணை வெட்டுவோர்க்கும் முள்மரத்தை அறுப்போர்க்கும் கேடு விளையும் என்றும் உழவர் அஞ்சினர். கட்டினோர் யாவர் என்னும் வரலாற்று வினாவிற்கு இந்நம்பிக்கை விடையளிக்காது. ஆயினும் சட்டம் வருமுன் பல நூற்றாண்டுகள் இவ்வரண்களைக் காத்தது இதுவே. அயர்லாந்து தன் தேசியச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது 1930ஆம் ஆண்டிலாகும். அதற்குப் பின்னரும், நம்பிக்கை தளர்ந்து, நிலத்தைச் சமப்படுத்தும் பொறிகள் பெருகியபோது, பல அரண்கள் உழவர்களாலேயே அழிக்கப்பட்டன.

3. ஓகம் கற்களும் ஒலியொப்புமையும்

தென்மேற்கிலுள்ள கெர்ரி, கார்க், அதன் கிழக்கிலுள்ள வாட்டர்ஃபோர்ட் ஆகிய மாவட்டங்களில் ஓகம் கற்கள் மிகுதி. நிறுத்திவைத்த கல்லின் விளிம்பையே நடுக்கோடாகக் கொண்டு, அதன் இருபுறத்தும் குறுக்கேயும் கீறல்களை வெட்டி எழுதும் முறை ஓகம் எனப்படும். ஐந்து ஐந்தாக நான்கு வகுப்பில் அமைந்த 20 எழுத்துகள் இதற்குண்டு. கீழிருந்து மேலாக இதனைப் படித்தல் வேண்டும். கி.பி. 4ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரை வெட்டப்பெற்ற கற்களுள் ஏறத்தாழ 400 கிடைத்துள்ளன. ஐரிய மொழியின் மிகப் பழைய நிலையை அறிவதற்கு இவையே முதற்சான்று.

இக்கற்களிற் பெரும்பாலும் ஓர் ஆடவனின் பெயரும், அவன் தந்தையின் பெயரும், சிலவிடத்துக் குடிப்பெயரும் காணப்படும். 'இன்னானுடைய மகனாகிய இன்னானுடையது' என்னும் அமைப்பில் இவை வரும். ஈண்டு மகனுடைய என்னும் பொருளில் வரும் சொல் 'மக்கி' என்பதாம். பிற்கால ஐரியத்தில் இது 'மக்' என நின்று, இன்றும் எண்ணிறந்த குடிப்பெயர்களின் முன்னொட்டாக வழங்குகின்றது.

தமிழ் பயின்றோர் இச்சொல்லைக் கண்டவுடன் 'மகன்' என்பதனை நினைப்பர். ஒலியும் ஒத்து, பொருளும் ஒத்திருத்தலின் இரண்டும் ஒரு வேரினின்று பிறந்தன என்று கூறவும் சிலர் விழைவர். ஆயின் ஐரியத்தோடு ஒரு குடும்பத்தைச் சார்ந்த வேல்சு மொழியில் இச்சொல் 'மாப்' என வழங்குகின்றது. ஐரியத்தில் ககர ஒலியாக வருவது வேல்சில் பகரமாக வருதல் அம்மொழிகளில் ஒழுங்காக நிகழும் மாற்றம். ககரமும் வகரமும் இணைந்தாற்போன்ற பழைய ஒலி ஒன்று ஒரு கிளையில் ககரமாகவும் மற்றொரு கிளையிற் பகரமாகவும் திரிந்தது என்பர் மொழிநூலார். ஓகம் எழுத்தில் இவ்வொலிக்கெனத் தனி எழுத்து இருத்தல் இதனை வலியுறுத்தும். எனவே 'மக்' என்பதன் இன்றைய வடிவத்தைக் கொண்டு தமிழோடு உறவு நாட்டல் பொருந்தாது. ஒரு சொல் சான்றாக வேண்டுமெனின் அதன் வரலாறு முதற்கண் தெளியப்படுதல் வேண்டும். இந்நெறி பிழைத்தவழி விளைந்த குழப்பத்தை அடுத்துக் காண்போம்.

4. வட்டக் கோபுரங்கள் பற்றிய வாதம்

பழைய துறவியர் மடங்களின் அருகே, மெலிந்து உயர்ந்து, உச்சியிற் கூம்பிய கற்கூரையோடு நிற்கும் வட்டக் கோபுரங்கள் அயர்லாந்திற்கே சிறப்பாக உரியவை. முழுமையாகவோ சிதைந்தோ எஞ்சியுள்ளவை 65 அளவில் உள. விக்லோ மலைகளிடையே கிளெண்டலோ என்னும் பள்ளத்தாக்கில் நிற்கும் கோபுரம் ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுடையது. அதன் வாயில் நிலத்தினின்று மூன்று மீட்டருக்கு மேல் அமைந்துள்ளது.

இவற்றைக் கட்டினோர் யாவர்? 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய சார்லஸ் வலன்சி, ஐரிய மொழிச் சொற்களைக் கீழ்த்திசை மொழிச் சொற்களோடு ஒலி பற்றி இணைத்து, இவை தீ வழிபாட்டுக்குரிய கோபுரங்கள் என்றார். 1834ஆம் ஆண்டில் ஹென்றி ஓ பிரையன் என்பார் இவற்றைப் புத்த சமயத்தோடும் இலிங்க வழிபாட்டோடும் தொடர்புபடுத்தி நூல் எழுதினார். தம் நாட்டிற்குப் பெரும் பழமை காட்டல் வேண்டும் என்னும் விழைவு இத்தகைய கொள்கைகளுக்கு ஆதரவு தேடித் தந்தது.

இவ்வினாவிற்கு விடை காண்போர்க்கு அயர்லாந்து அரச கலைக்கழகம் பரிசு அறிவித்தது. 1833ஆம் ஆண்டில் அப்பரிசைப் பெற்றவர் ஜார்ஜ் பெட்ரி. ஓவியராகிய அவர் நாடெங்கும் சென்று கோபுரங்களை வரைந்து அளந்தவர். அவருடைய ஆய்வு விரிவாக்கப்பட்டு 1845இல் நூலாக வெளிவந்தது. அவர் காட்டிய சான்றுகள் எளியவை. இக்கோபுரங்கள் கிறித்தவக் கோயில்களை அடுத்தே நிற்கின்றன. கட்டுமுறையும் அக்கோயில்களின் கட்டுமுறையே. எல்லாவற்றிற்கும் மேலாக, பழைய ஆண்டுக்குறிப்புகள் இவற்றைக் குறிக்க வழங்கும் சொல் 'கிளாய்க்தெக்' என்பது. அஃது 'மணிவீடு' எனப் பொருள்படும். 950ஆம் ஆண்டில் ஸ்லேன் என்னும் ஊரின் மணிவீட்டை வைக்கிங்கர் கொளுத்தியதையும், உள்ளிருந்தோர் மாண்டதையும், சிறந்த மணி ஒன்று அழிந்ததையும் அக்குறிப்புகள் கூறுகின்றன. கட்டியோரின் மொழியே கட்டடத்தின் பயனைக் கூறிநிற்ப, அறிஞர் சிலர் அதனைக் கேளாது தொலைநாட்டு மொழிகளில் விடை தேடினர். பெட்ரியின் முடிவு இன்றும் பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது.

5. தாராக் குன்றில் நேர்ந்த இழப்பு

தவறான கொள்கை ஏட்டளவில் நின்றுவிடின் பிறிதொரு நூலால் திருத்திக்கொள்ளலாம். அது மண்வெட்டியோடு புறப்படின் திருத்த இயலாது. மீத் மாவட்டத்திலுள்ள தாராக் குன்று அயர்லாந்து மன்னர்களின் முடிசூட்டு இடமாகப் பழைய இலக்கியங்களிற் புகழப்படுவது. ஆங்கிலேயர் இசுரவேலரின் வழித்தோன்றல்கள் என்று நம்பிய குழுவினர் சிலர், விவிலியத்திற் கூறப்படும் உடன்படிக்கைப் பேழை அங்குப் புதைந்துள்ளது எனக் கொண்டு, 1899 முதல் 1902 வரை அக்குன்றின் மீதுள்ள 'பேரவைகளின் அரண்' என்னும் மேட்டைத் தோண்டினர். கவிஞர் யேட்ஸ், டக்ளஸ் ஹைட் முதலியோர் 1902இல் இலண்டன் நாளிதழுக்கு எழுதிக் கண்டித்தனர். பேழை கிடைக்கவில்லை, மண்ணடுக்குகள் கலைந்து போயின.

1950களில் ஷான் ஓ ரிர்டான் அவ்விடத்தை முறைப்படி அகழ்ந்தார். கலையாது எஞ்சிய பகுதிகளில் உரோமப் பேரரசின் பொருள்கள் கிடைத்தன. உரோமர் ஆளாத அயர்லாந்து அவர்களோடு கொண்டிருந்த தொடர்பிற்கு அவை அரிய சான்றுகள். கலைக்கப்பட்ட அடுக்குகள் மேலும் என்ன கூறியிருக்கும் என்பதை இனி எவரும் அறியார்.

அதே குன்றில் 'பிணையாளர் மேடு' என ஒன்றுண்டு. மன்னர்கள் பிற குடிகளினின்று பெற்ற பிணையாளரோடு கதைகள் அதனைத் தொடர்புறுத்தும். அகழாய்வோ, அஃது ஏறத்தாழ கி.மு. 3000இல் எழுந்த இடைகழிக் கல்லறை எனக் காட்டிற்று. மணிவீடு என்னும் பெயர் கட்டியோர் இட்டது. பிணையாளர் மேடு என்னும் பெயரோ கட்டி மூவாயிரம் ஆண்டுகளுக்கும் பின் வந்தோர் இட்டது. சொற்சான்றைக் கொள்ளுங்கால், அச்சொல்லை இட்டோர் யாவர், எக்காலத்தவர் என்பதை உசாவுதல் இன்றியமையாதது என்பது இவ்விரண்டையும் ஒப்புநோக்கின் விளங்கும்.

6. கோட்டைகள்

1169ஆம் ஆண்டில் நார்மானியர் அயர்லாந்தில் இறங்கினர். அவர்கள் எழுப்பிய கோட்டைகளுட் பெரியது, தாராவிற்கு அண்மையில் போய்ன் ஆற்றங்கரையிலுள்ள டிரிம் கோட்டை. 1172இல் மீத் நாட்டைப் பெற்ற ஹியூ த லேசி முதலில் மரத்தால் அரண் அமைத்தார். 1174இல் அஃது எரிக்கப்பட்ட பின் கற்கோட்டை எழலாயிற்று. சிலுவை வடிவில் 20 மூலைகளுடன் அமைந்த அதன் நடுக்கோட்டை பிறவிடத்துக் காண்டற்கரியது.

கோட்டையைக் குறிக்கும் ஐரியச் சொல் 'காஷ்லான்'. முன்னர்க் கூறிய 'காஷல்' போலவே இதுவும் 'காஸ்டெல்லும்' என்னும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. நார்மானியரே கோட்டையை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்பது பொதுவான கருத்து. ஆயின் 1124ஆம் ஆண்டிலேயே கன்னாக்ட் நாட்டார் மூன்று கோட்டைகள் கட்டினர் என ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று கால்வேயில் கட்டப்பெற்றது. அங்கு வரும் சொல்லும் இலத்தீன் வழிவந்த இச்சொல்லே. பழைய 'தூன்' என்னும் சொல்லை விடுத்து இப்புதுச்சொல்லை எழுதியோர், புதுவகைக் கட்டடம் ஒன்றைக் கண்டே எழுதினர் போலும். கல் மறைந்த இடத்துச் சொல் எழுப்பும் இவ்வினா இன்னும் ஆராயப்படுகின்றது.

இன்று நாட்டுப்புறத்தில் மிகுதியாகக் காணப்படும் கோட்டைகள் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த கோபுர மனைகள். 1429ஆம் ஆண்டில், டப்ளினைச் சூழ்ந்த மாவட்டங்களில், 20 அடி நீளமும் 16 அடி அகலமும் 40 அடி உயரமும் உள்ள கோபுரம் கட்டுவோர்க்குப் பத்துப் பவுன் உதவி வழங்கப்பட்டது. பின்னர் ஐரியத் தலைவர்களும் ஆங்கிலக் குடியினரும் வேறுபாடின்றி இவற்றைக் கட்டினர். கார்க் மாவட்டத்துப் பிளார்னியும் கிளேர் மாவட்டத்துப் பன்ராட்டியும் பலரும் காணச் செல்வன. இத்தகைய மனைக்குட் புகுவோர் கீழ்த்தளத்து வளைகூரையை அண்ணாந்து நோக்குதல் வேண்டும். கூரை கட்டும்போது தாங்கலாக வைத்த பின்னற்றட்டுகளின் பதிவு சாந்தில் இன்றும் பலவிடத்துத் தெளிவாய்த் தெரியும். கட்டிய தொழிலாளரின் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. அவர் கைத்தொழிலின் சுவடு மட்டும் அங்கு நிற்கின்றது. மனையைச் சூழ்ந்த மதிலகத்திற்குப் 'பாவூன்' என்று பெயர். ஆவைக் குறிக்கும் சொல்லும் அரணைக் குறிக்கும் 'தூன்' என்பதும் இணைந்து இச்சொல் ஆயிற்று என்பர். ஆனிரை கவர்தலும் மீட்டலும் அந்நாட்டுப் பழங்கதைகளிலும் பெருவழக்கினவாதலின் இப்பெயரின் பொருத்தம் நமக்கு எளிதில் விளங்கும்.

இதுகாறும் கூறிய பலவற்றையும் ஓரிடத்தே காண விழைவோர் டிப்பரேரி மாவட்டத்துக் காஷல் பாறைக்குச் செல்லல் நன்று. மன்ஸ்டர் மன்னர்களின் அரணாக இருந்த அப்பாறை 1101இல் திருச்சபைக்கு அளிக்கப்பட்டது. வட்டக் கோபுரமும், 1134இல் நிறைவேறிய கார்மக் மன்னரின் கோயிலும், 13ஆம் நூற்றாண்டுப் பெருங்கோயிலும், அதனோடு ஒட்டிய கோபுர மனையும் அதன்மேல் நெருங்கி நிற்கின்றன. மன்னர் அரண் மறைந்தது. 'காஷல்' என்னும் பெயரே அதனை இன்றும் நினைவூட்டுகின்றது.

7. பெயர்களைக் காத்தோர்

1824ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அயர்லாந்தை அளந்து படம் வரையத் தொடங்கியது. ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதவேண்டிய நிலையில், அவற்றின் உண்மை வடிவத்தை ஆராய ஜான் ஓ டோனவன் என்னும் அறிஞர் 1830இல் அமர்த்தப்பட்டார். ஐரிய மொழியில் வல்லவராகிய அவர் மாவட்டந்தோறும் சென்று, முதியோர் வாயினின்று ஒவ்வோர் ஊர்ப்பெயரையும் கேட்டு, பழைய ஏடுகளோடு ஒப்பிட்டு எழுதினார்.

இவ்வுழைப்பின் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கோயிலைக் குறிக்கும் ஐரியச் சொல்லும் காட்டைக் குறிக்கும் ஐரியச் சொல்லும் ஒலியில் நெருங்கியவை. ஆங்கில எழுத்தில் இரண்டும் 'கில்' என ஒன்றாகிவிடுதல் உண்டு. 'கில்மோர்' என்னும் பெயருள்ள ஊர்களிற் பல பெருங்கோயிலூர், சில பெருங்காட்டூர். எழுத்தைக் கண்டு இதனைத் துணிய இயலாது. அவ்வூரார் ஒலிக்குமாறு கேட்டோ பழைய ஏட்டு வடிவங்களை நோக்கியோதான் துணிதல் வேண்டும்.

ஓ டோனவன் இப்பணியைச் செய்துகொண்டிருந்த ஆண்டுகளை அடுத்து, 1845இல் பெரும்பஞ்சம் தொடங்கியது. 1841இல் 81 இலட்சத்திற்கு மேலிருந்த மக்கள்தொகை 1851இல் 65 இலட்சம் அளவிற்குக் குறைந்தது. இறந்தோரும் நாடு விட்டுச் சென்றோருமாகிய மக்களுட் பெரும்பகுதியினர் ஐரிய மொழி பேசிய ஏழை உழவர். அவர்கள் மறைந்த இடங்களில், பெயரைச் சரிவரச் சொல்லும் நாவும் மறைந்தது. இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்திருப்பின் ஓ டோனவன் கேட்டெழுதியவற்றுட் பல என்றைக்குமாக அழிந்திருக்கும். இன்று அந்நாட்டுச் சாலைகளில் நிற்கும் ஊர்ப்பலகைகள் ஐரியப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றன. அவ்வைரியப் பெயர்களுட் பல அவர் குறிப்பேடுகளின் துணையால் தெளியப்பட்டவை.

முடிவுரை

கல்லைக் கண்டவுடன் கொள்கை வகுத்தோர் வட்டக் கோபுரத்திலும் தாராவிலும் பிழைத்தனர். கட்டியோரின் சொல்லைக் கேட்ட பெட்ரி உண்மையை அணுகினார். ஊரார் பேச்சைச் சோதித்துப் பார்த்த ஓ கெல்லி, உண்மை ஒன்று ஐயாயிரம் ஆண்டுகளாக ஆண்டுதோறும் நிகழ்ந்து வருவதைக் கண்டார். இம்மூவகைச் சான்றுள் விரைந்து அழிவன சொல்லும் செவிவழிச் செய்தியுமே. கல் காத்திருக்கும், அதனை அகழ நூறு ஆண்டு தாழ்ப்பினும் கேடில்லை. முதியோர் நாவிலுள்ள ஊர்ப்பெயரும் கதையும் அவ்வாறு காத்திரா. ஆதலின் தொல்சின்னங்களைக் காணச் செல்லும் மாணவர், சின்னத்தை அளப்பதற்கு முன்னர், அதனை அவ்வூரார் எவ்வாறு வழங்குகின்றனர் என்பதை அவர் ஒலிக்குமாறே எழுதிக்கொள்ளல் வேண்டும். அங்ஙனம் எழுதியதை உடனே நம்பிவிடாது, பழைய ஏட்டோடும் கல்லோடும் வைத்து ஆராய்தல் அதற்கடுத்த பணியாகும்.